இறுதிப் பயனாளர்

கப்பலூர் தொழிற்பேட்டையில்
தூசு புகாத கண்ணாடி அறைக்கு வெளியே
என் மேசை.
உள்ளே முகமூடி கட்டிய பெண்கள்
கண்ணுக்குள் பொருத்தும் வில்லைகளைக்
கழுவிக்கொண்டிருக்கிறார்கள்.
நான் காகிதம் எழுதுகிறவள்.

இருநூற்று நாற்பது வில்லைகள், ஓர் அட்டைப்பெட்டி,
ஏழு கிலோ.
அதற்கான கோப்புகளை ஷர்மிளா பானு
விளையாட்டாகத் தராசில் வைத்துப் பார்த்தாள்.
எட்டரை.

போகவேண்டிய நாட்டின் பெயரைச் சொன்னதும்
தொலைபேசியில் எதிர்முனை தயங்கும்,
மின்சாரம் போனபிறகும்
கொஞ்சநேரம் சுற்றுகிற விசிறியைப் போல.
அங்கே யார் ஆள்கிறார்கள், என்னென்ன செய்தார்கள்,
எனக்கும் தெரியும்.
தடையே கூடாது என்று சொல்ல
நான் யார்.
ஆனால் ஆணையின் பதினேழாம் பக்கத்தில்
மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் விலக்கு உண்டு
என்று அச்சடித்திருக்கிறதே.
மஞ்சள் பேனாவால் கோடு போட்டிருக்கிறேன்.

மேலவெளி வீதி வங்கிக்கு எடுத்துப் போனேன்.
மேலாளர் தாணுலிங்கம்
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டுமுறை படித்தார்.
"விலக்கு இருக்கும்மா, ஒத்துக்கறேன்.
அந்த ஊர்ப் பணம் எங்க கணக்குல ஏறிட்டா
எங்கள யாரு விலக்கி விடுவா?"
காபி வரவழைத்தார். நல்ல மனிதர்.
கப்பல் கம்பெனியிலும் நல்ல மனிதர்கள்.
காப்பீட்டிலும்.
ஒருவரும் மறுக்கவில்லை.
பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள்.

அங்கிருந்து மருத்துவர் ஸொரையா எழுதுவார்,
என்னுடையதைப் போலவே
தட்டுத்தடுமாறும் ஆங்கிலத்தில்.
முதல் கடிதத்தில் காத்திருப்போர் நூற்றுப்பத்து.
அழகர் ஆற்றில் இறங்கிய வாரம் வந்ததில்
முந்நூற்று நாற்பது.
அதற்கடுத்ததில் எண் இல்லை.
ஒரு தையல்காரர்,
ஊசியில் நூல் கோக்க மகளைப் பக்கத்தில் உட்காரவைக்கிறார்,
அவள் பள்ளிக்குப் போய் ஒரு வருடமாகிறது
என்று மட்டும்.

திருமங்கலத்திலிருந்து வரும் பஸ்ஸில் நின்றபடியே நினைத்தேன்:
இந்த ஊர் எரிந்ததாகச் சொல்லும் கதையில்
அத்தனை கோபத்தில் நின்றவளும்
யாரைத் தொடக்கூடாது என்று
சொல்லித்தான் அனுப்பினாள்.
முதியவர்களை விடு. பிள்ளைகளை விடு.
கேட்டுக்கொண்டதாம் தீ.
தீக்குத் தலைமை அலுவலகம் இல்லை.

படிவத்தில் பதினோராம் கட்டம்: இறுதிப் பயனாளர்.
மருத்துவமனையின் பெயரை எழுதினேன்.
அரசோடு தொடர்பு உண்டா என்று கேட்டுத் திரும்பிவந்தது.
அங்கே குழாயில் வரும் தண்ணீருக்கும்
அரசோடு தொடர்பு உண்டு.
முகவரி சேர்த்து அனுப்பினேன். போதாது என்றார்கள்.
மூன்றாம் தடவை எழுதினேன்:
மனிதக் கண். இடது அல்லது வலது.

முதலாளி திட்டினார்.
வெள்ளை மை பூசி, காயும்வரை ஊதி,
மருத்துவமனைப் பெயரையே மறுபடி எழுதினேன்.

ஆடி பிறந்து எட்டாம் நாள்
கேள்விப்படாத ஒரு வங்கி சரியென்றது.
பாதிக்கு மட்டும்.
எந்தப் பவரை அனுப்ப, எதை நிறுத்த?
ஸொரையாவைக் கேட்டேன்.
"தையல்காரருக்கு இருபத்தொன்றரை.
மற்றதைத் தேர்வு செய்ய
என்னிடம் கேட்காதீர்கள்" என்று பதில்.

ஷர்மிளாவும் நானும்
கண்ணை மூடிக்கொண்டா எடுக்கமுடியும்?
எடுத்தோம்.
இருபத்தொன்றரையை மேலாக வைத்தோம்.

பெட்டி சுங்கத்தில் இருப்பதாகக்
கணினி சொல்கிறது. பதினான்கு நாளாய்
அதையே சொல்கிறது.
மீதி நூற்றிருபது
என் மேசைக்கடியில் இருக்கிறது.
கால் படாமல் உட்காரப்
பழகிவிட்டேன்.