இரண்டு புள்ளியில் ஒரு தோள்

பஞ்சிகாவத்தையில் எங்கள் கடைக்கு
இரண்டு பக்கமும் ஷொக் அப்சோபர் விற்கிறார்கள்.
நடுவில் பத்தடி அகலம். ஒரு கணினி, ஒரு கட்டர்,
சுவரில் சாய்ந்த வினைல் சுருள்கள்,
இல்ஹாம் நாநாவின் மேசைவிசிறி.

குயின்டஸ் ஃபோனை நீட்டினார்.
"தங்கச்சி, இத த்ரீவீலுக்குப் பின்னால ஒட்டணும்.
ஏலுமா?"
வாட்ஸ்அப்பில் ஏழெட்டுப் பேரைக் கடந்து வந்த படம்.
பெரிதாக்கினால் முகம் சதுரம் சதுரமாக உதிர்கிறது.
"ஏலும்" என்றேன்.
இந்தக் கடையில் முதலில் அதைத்தான் சொல்வோம்.

தானாகவே வரைகிற பொத்தான் ஒன்று உண்டு.
அழுத்தினேன், ஒரு சம்பிரதாயத்துக்கு.
மூவாயிரத்துச் சொச்சம் புள்ளிகள்.
கன்னத்தில் எறும்புப் புற்று,
மீசைக்குள் நாற்பது தீவுகள்.
கத்தி இதற்குள் நுழைந்தால்
வினைல் கந்தலாகத்தான் வெளியே வரும்.
அழித்தேன்.
படத்தை மங்கலாக்கிப் பூட்டி
அதன்மேல் புதிதாய் ஒரு படலம் விரித்து
பேனாக் கருவியை எடுத்தேன்.

கத்திக்குச் சாம்பல் நிறம் தெரியாது.
உண்டு, இல்லை. அதன் பாஷையில் இரண்டே சொல்.
படத்திலோ கோடே கிடையாது.
மூக்கு எங்கே முடிந்து நிழல் எங்கே தொடங்குகிறது என்று
எந்த முகமும் எழுதி ஒட்டிக்கொண்டு திரிவதில்லை.
நான்தான் சொல்ல வேண்டும், இங்கே என்று.
சொல்லி, வளைத்து,
கடைசிப் புள்ளியை முதல் புள்ளியில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.
மயிரிழை இடைவெளி விட்டாலும்
உரிக்கும்போது அங்கேதான் கிழியும்.

இடது கண்ணுக்குப் பதினொன்று.
காதுக்கு ஒன்பது.
சிரிப்புக்கு ஆறு போதும் என்று தெரிந்தபோது
கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

பிறகு தோளுக்கு வந்தேன்.
அதன்மேல் ஒரு கை.
படத்தின் விளிம்பு மணிக்கட்டோடு நறுக்கியிருந்தது.
நான்கு விரல், ஒரு மோதிரம், ஆள் இல்லை.

"இந்தக் கை?"
குயின்டஸ் திரையைப் பார்க்கவில்லை.
வெளியே நின்ற தன் வண்டியைப் பார்த்தார்.
"அது என்ட கை. எடுத்துடுங்க.
அவன் மட்டும் போதும்."
"பேர்?"
"ஜெபமணி."
"வருஷம் ஏதும் போடவா?"
"வருஷம் வேணாம்."

கடல் கடந்தவனா, செத்தவனா, பகையா
நான் கேட்கவில்லை.
கட்டர் அதைக் கேட்பதில்லை.

கையை எடுப்பது சுலபம்.
வரையாமல் விட்டால் போதும்.
ஆனால் கைக்கு அடியில் தோள் இல்லை.
அந்த விரல்கள் அன்றைக்கு மறைத்ததை
எந்தக் கெமராவும் பார்த்திருக்கவில்லை.
கழுத்திலிருந்து சட்டை மடிப்புவரை
நானே ஒன்று செய்ய வேண்டும்.

மற்றத் தோளைப் பிரதியெடுத்துத் திருப்பி வைத்தேன்.
பொருந்தியது. அளவாக, நேராக,
உடுப்புக்கடைப் பொம்மையின் தோள்.
படத்தில் கொலர் ஒரு பக்கம் இழுபட்டிருந்தது.
அந்தப் பக்கம் உடம்பே சற்றுச் சாய்ந்திருந்தது,
பாரம் ஏறிய த்ரீவீல் மாதிரி.
பிரதியை அழித்தேன்.
இரண்டே புள்ளி வைத்து
நடுக்கோட்டை
அரை மில்லிமீட்டர்
கீழே இழுத்தேன்.

கத்தி போய் வந்தது.
வெள்ளை வினைலில் வேண்டாததை ஊசியால் உரித்தேன்.
'ணி'யின் சுழிக்குள் இருந்த துணுக்கு மட்டும்
என் நகத்தை விட்டுப் போக மறுத்தது.

அவரே ஒட்டினார்.
சவர்க்காரத் தண்ணீர் தெளித்து
பழைய ரீலோட் கார்ட்டால் குமிழிகளைத் தள்ளி,
நெற்றி, தாடை, பெயர் என்று.
தோளில் குமிழி ஏதும் இல்லை.
இருந்தும் அங்கே கார்ட்டைப் பையில் போட்டுவிட்டு
உள்ளங்கையால் அழுத்தினார்.

தெருவை அடைத்துக்கொண்டு நின்ற வண்டிக்குப் பின்னால்
ஒரு லொறி ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தது.