பதினேழு சட்டகம்

ஞாயிற்றுச் சந்தையில்
துருப்பிடித்த பூட்டுகளுக்கும் ஒற்றைக்கால் பொம்மைக்கும் நடுவே
பிஸ்கட் டப்பா நிறைய எட்டு மில்லிமீட்டர் சுருள்கள்.
நெலிடா மோந்து பார்த்துத்தான் வாங்குவாள்.
காடி வாசம் ஏறியிருந்தால் பாதி விலை.

யாரோ ஒரு குழந்தையின் நான்காம் பிறந்தநாள்.
வாய் நிறையக் கேக்.
ஜன்னலுக்கு அப்பால், மோன்டெவிடியோவில், எழுபத்தைந்தில்
ஒரு வண்டி கடந்து போகிறது.
பதினேழு சட்டகம்,
முழுசாய் ஒரு நொடிகூட இல்லை.

அதையே நாற்பது தடவை ஓட்டினாள்
எல்லோரும் கேக்கை விட்டுவிட்டு
வண்டியைப் பார்க்கும்படி.
“இதற்கு ஒலி சேர்” என்றாள்.
ராணுவ லாரியின் உறுமல் என்னிடம் இருந்தது.
சேர்த்தேன்.
அரங்கில் ஒரு பெண் அழுதாள்.

விளக்கு எரிந்ததும் பின்வரிசையில் எழுந்தார்
ஒஸ்வால்தோ பிச்செத்தி:
“அது என் ரொட்டி வண்டி.
கதவில் நசுங்கல் தெரிகிறதே,
கம்பத்தில் நான் இடித்தது.”

அழுதவள் திரும்பிப் பார்த்தாள்.
“அன்றைக்கு எங்கள் தெருவுக்கு
ரொட்டி வரவில்லை.”

ராத்திரி உறுமலை அழித்தேன்.
ரொட்டி வண்டி இரைச்சலைப் போட்டுப் பார்த்தேன்.
அதுவும் சாவோ பாவ்லோவில் எவனோ பதிந்தது.
அழித்தேன்.
நசுங்கலைத் தேடி நெலிடா
பெரிதாக்கினாள், இன்னும் பெரிதாக்கினாள்,
வண்டி மணல்மணலாய் உதிர்ந்தது.

இப்போது அந்த இடத்தில்
ப்ரொஜெக்டரின் கடகடப்பு மட்டும்.

நாற்பது தடவையும் அந்தக் குழந்தை
வாயில் கேக்கோடு ஜன்னலைத் திரும்பிப் பார்க்கிறது,
எதையோ கேட்டதுபோல.