நடுவடி

வந்தது சாராயம் குடிக்க இல்லே.
பானை கேட்டு வந்தாக
வீர. வயிரவன் செட்டியார்,
ரங்கூன்லேருந்து திரும்பின மூணாம் மாசம்,
இருட்டின பிறகு, கொல்லை வழியா.

தொண்டியிலே இறக்கின ஆறு பீப்பாய்
கோனாபட்டு வந்து சேர்ற வரைக்கும்
வண்டிக்காரன் மூக்கைக் கட்டிக்கிட்டுதான் ஓட்டினான்.
பர்மாவிலே கிணறு வெட்டி இறைக்கிற எண்ணெயாம்.
கறுப்பு. சாய்ச்சுப் பார்த்தா பச்சை மினுங்கும்.
மார்கழிக் காலையிலே நெய்யா உறையும்.
திரி போட்டா எரியறதைவிடப் புகையறது அதிகம்.

வட்டிக்கு விடப்போன மனுசனுக்கு
எண்ணெய்க் கிறுக்கு எப்படி வந்துச்சோ.
கிட்டங்கியிலே ஐந்தொகை கட்டின ராத்திரி
விளக்கு மங்கி
ஒரு மாகாணி பிசகிப்போச்சாம்.
அந்த மாகாணியைத் தேடப் பதினோரு நாளாம்.
அதைத்தான் சொன்னாக. வேற காரணம் சொல்லலே.

மண்பானை எண்ணெயை உறிஞ்சிரும்னேன்.
பன்னீர் வடிக்கன்னு கன்னாரிடம் பொய் சொல்லி
என் பானை அளவுக்கே
செம்பிலே ஒண்ணு அடிச்சு வாங்கினாக.
மூங்கில் குழாய் என்னோடது.
அதைச் சுத்தின ஈரத்துணியும்.

முதல்நாள் வடிஞ்சது
ஊருணித் தண்ணி மாதிரித் தெளிஞ்சிருந்துச்சு.
கிண்ணத்திலே ஊத்தித் தீயைக் கிட்டே கொண்டு போனாக.
புருவம் ரெண்டும் போச்சு.
அப்புறம் அலமாரி.
அப்புறம் ஓலைக்கட்டு: நாற்பத்தேழு ஊர்க் கடன்.

அன்னிக்கு ஊர்லே பலபேர் முகம் தெளிவா இருந்துச்சு.
நானும் நின்னு பார்த்தேன்,
எம் புருசன் வாங்கின பதினெட்டு ரூபா
புகையாப் போறதை.
புருவமில்லாத முகத்தோட அவுக
ஒன்பது நாள் உட்கார்ந்து
மனசிலேருந்தே எல்லாத்தையும் எழுதினாக,
தம்பிடி பிசகாம.
எங்க பதினெட்டு, வட்டியோட
இருபத்தொண்ணு ரூபா ஆறணாவா வந்து நின்னுச்சு.

ஆத்திரத்திலே போய்க் கத்தினேன்.
"தலைவடி குடிச்சவன் கண்ணு அவிஞ்சு போவான்.
எங்க வீட்டிலே பால்குடிப் புள்ளைக்கும் தெரியும்.
முதல்லே வர்றதைக் கீழே ஊத்தணும்.
கடைசியிலே வர்றது கசண்டு.
நடுவிலே வர்றதுதான் சரக்கு.
சிந்தினதுக்கும் கணக்கெழுதுற ஆளு நீங்க,
உங்களுக்கு எங்கே கீழே ஊத்த மனசு வரும்?"

பதில் பேசலே. எழுந்து போய்
அந்தத் தெளிஞ்ச எண்ணெய் முழுசையும்
கொல்லைக் குழியிலே ஊத்திட்டு வந்தாக.

பிறகு சோதிக்கக் கத்துக் கொடுத்தேன்.
வாழைப்பட்டையிலே ரெண்டு சொட்டு, ஓரத்திலே நெருப்பு.
பாய்ஞ்சு பிடிச்சா தலை.
தயங்கிப் பிடிச்சா நடு.

ஆடி மாசம். காத்து ஓலையைப் பிடுங்குது.
அடி உடைச்ச சீசாவைக் கவுத்த விளக்கிலே
சுடர் நின்னுச்சு.
நின்னுக்கிட்டே இருந்துச்சு.
வள்ளிக்கண்ணு ஆச்சி "நாத்தம்"னாக, மூக்கைப் பொத்திக்கிட்டு.
பிறகு விளக்கைப் பாக்கலே, சுவரைப் பார்த்தாக,
முட்டையும் சுண்ணாம்பும் இழைச்ச சுவரு.
"இந்த விரிசல் எப்ப விழுந்துச்சு?"

கோயில்லே ஏத்த விடலே.
செக்காட்டுறவுக ரெண்டு ஊர்க் கூட்டம் போட்டாக.
ஆறாம் பீப்பாய் பாதியிலே
வாந்திபேதி வந்து அவுக போயிட்டாக.
தலைமாட்டிலே நல்லெண்ணெய் விளக்குதான் வச்சாக.

காரியம் முடிஞ்சு கணக்கப்பிள்ளை கூப்பிட்டு வாசிச்சாரு:
"இருளாயி பற்று, இருபத்தொண்ணு ஆறணா.
வரவு, நடுவடி சொன்ன வகையில், இருபத்தொண்ணு ஆறணா.
மூங்கில் குழாய் ஒண்ணு, திருப்பித் தரவேண்டியது."
குழாய் இன்னும் வரலே.

இப்போ தொண்டியிலே டின் டின்னா இறங்குது.
சீமெண்ணெய்ங்கிறாக.
கடை வாசல்லே வாழைப்பட்டை கேட்டு வாங்கி
ரெண்டு சொட்டு விட்டுப் பார்த்தேன்.
தயங்கித்தான் பிடிச்சுது.
அங்கேயும் ஒருத்தன்
தலையைக் கீழே ஊத்தியிருக்கான்.
அவனுக்கு எவ சொன்னாளோ.