சேர்த்த நீர்

முத்தூர் ரோட்டில் பால் கம்பெனி வாசல்,
கொள்முதல் நிலையம்.
விடிகாலை ஐந்தே முக்காலுக்கு
மெஷினை மூன்று முறை கழுவி
ரசீதுச் சுருளை மாட்டுவது என் வேலை.
கொழுப்பு, இதரச் சத்து, சேர்த்த நீர், விலை.
ஒரு வீட்டின் அரிசி பருப்பை
நான்கு வரியில் அச்சடித்துக்
கிழித்துக் கொடுப்பேன்.

மேலாளர் சொல்லியிருந்தார்:
திங்கட்கிழமை கோயமுத்தூரிலிருந்து வருகிறார்கள்,
நிலைத்தன்மை அறிக்கைக்குப் படம் எடுக்க.
கூரைமேல் சோலார் தகடு.
பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்த குடிநீர் மெஷின்,
அதைவிட அகலமான பெயர்ப்பலகை.
தாது உப்புப் பொட்டலத்தோடு மாட்டுக்காரர் ஒருவர்.
"நல்லாச் சிரிக்கிறவங்களா
ஒருத்தரப் புடிச்சு வை அம்மணி."

வேலாத்தாக்காவைத்தான் நினைத்து வைத்திருந்தேன்.
மூன்று சிந்து மாடு, ஓர் எருமை,
இருபத்தொரு வருடமாய் நாள் தவறாத கேன்.
முன்பல் ஒன்று இல்லை;
ஆனாலும் அவள் சிரித்தால் வரிசையே சிரிக்கும்.

அன்று கேன் இல்லை.
தூக்குப்போசியோடு வந்தாள்.
மூடியைத் திறந்தாள்.
கழுவாத கேனை மூன்று நாள்
வெயிலில் மூடி வைத்தால் வருமே, அந்த வாடை.

"கெணத்துத் தண்ணி. டெஸ்ட் போடு கண்ணு."

"அக்கா, இது பாலுக்கான மெஷினுங்க."

"தெரியுது.
எம் பால்ல எத்தனை தண்ணின்னு
இருவத்தோரு வருசமா இதுதான சொல்லுச்சு?
எந் தண்ணியில எத்தனை பாலுன்னும்
இதே சொல்லட்டும்."

யாரும் சிரிக்கவில்லை.
சென்னியப்பன் மட்டும்
கேனை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றினார்.

கம்பெனிச் சுவருக்குக் கீழே சரிவில் அவள் தோட்டம்.
ராத்திரி ஷிஃப்டில் டேங்கர் கழுவுவார்கள்,
குழாய்களுக்குள் காரம் ஓட்டுவார்கள்.
அந்த வெள்ளைத் தண்ணீர் போய்ச்சேர வேண்டிய தொட்டியில்
காற்றடிக்கும் மோட்டார் என்று ஒன்று உண்டு.
பதிவேட்டில் அதற்கு ஒரு பத்தியும் உண்டு.
எல்லா ராத்திரியும் அதில்
"இயங்குகிறது" என்றே இருக்கும்.
எழுதுவது பிகாஷ், ஒடிசாக்காரன்.
தமிழில் அவன் எழுதப் பழகிய முதல் சொல் அது.
சொல்லிக் கொடுத்தது யாரென்று
அந்தப் பத்தியில் இல்லை.

குழாயைப் போசியில் முக்கினேன்.
மெஷின் உறிஞ்சியது, கொஞ்ச நேரம் முனகியது.

கொழுப்பு 0.1
இதரச் சத்து 0.4
சேர்த்த நீர் 95.3
விலை 0.00

"தொண்ணூத்தஞ்சு போக மிச்சம் யாருதுங்?"

என்னைத்தான் கேட்டாள்.
நான் ரசீதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மாடு மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்குது.
அதுக்கு மெஷினுமில்ல, படிப்புமில்ல."

இரண்டு நகல் கேட்டாள்.
ஒன்றைப் பால் அட்டைக்குள் மடித்து வைத்தாள்.
மற்றதை என் மேசையில் வைத்து
தராசுப் படிக்கல்லை அதன்மேல் நகர்த்திவிட்டுப் போனாள்.

இந்தத் தாளில் எழுத்து நிற்காது.
சூட்டில் அச்சாவது, சூட்டிலேயே வெளுத்துவிடும்.
ஆனி வெயிலில் ஒரு மாதம் தாங்கினால் அதிகம்.
அதனால் சாயங்காலம்
ஒவ்வோர் எண்ணின்மேலும் பேனாவை ஓட்டினேன்.
0.4இல் புள்ளி கொஞ்சம் பெரிதாகிவிட்டது.
கையெழுத்துக்கு இடமில்லை, ஓரத்தில் போட்டேன்.
அறிக்கைக் கோப்பில்
"ஒரு லிட்டர் பாலுக்கு ஒன்றேகால் லிட்டர் நீர் மட்டுமே"
என்ற பக்கத்துக்குப் பின்னால்,
ஆதாரங்கள் என்ற தலைப்பில்,
பின் அடித்தேன்.
சத்தம் பெரிதாகக் கேட்டது.
படத்துக்குச் சிரிப்பவர் பெயர் என்ற கட்டத்தை
அப்படியே விட்டேன்.

மறுநாள் கேன் வந்தது.
கொழுப்பு 4.1.
சேர்த்த நீர் 0.0.

"லாரித் தண்ணி. கொடம் எட்டு ரூவா,"
கேட்காமலே சொன்னாள்.

அதற்கு ரசீதில் வரி இல்லை.