சைக்கிள் டியூப்

ஒய்வா துப்பாக்கியைத் திருப்பித் தந்தபோது
அதைச் சாம்பல் நிறக் கம்பளியில் சுற்றியிருந்தான்.
கூடவே ஒரு பாட்டில் லக்காப் பழ ஜாம்.
ஜாமைப் பார்த்ததுமே எனக்கு உறைத்துவிட்டது.
சதுப்பில் நாள் முழுக்க முதுகு ஒடியக் குனிந்தால்
ஒரு பாட்டில் தேறும் பழம் அது,
சும்மா யாரும் தர மாட்டார்கள்.

"நன்றாகச் சுடுகிறது" என்றான்
வாசலில் நின்றபடியே.
காபி வேண்டாம் என்றான்.
குஹ்மோ பக்கம் காபி வேண்டாம் என்பவன்
ஒன்று சாகக் கிடக்க வேண்டும்
இல்லையென்றால் எதையோ உடைத்திருக்க வேண்டும்.

பிரித்தேன்.
முழுப் பூசணிக்காய், கம்பளிக்குள்.
பிர்ச் கட்டையின் கழுத்தில், கை பிடிக்கும் இடத்தில்,
சுண்டுவிரல் நீளத்துக்கு விரிசல்.
அதன்மேல் பழுப்பு ஷூ பாலிஷ்.

விரிசலுக்குக்கூட எனக்குக் கோபம் வரவில்லை.
பாலிஷுக்குத்தான் வந்தது.

பள்ளிப் பேருந்தில் கடைசி நிறுத்தம் அவன் வீடு.
அவன் மகள் ஐலா ஏறும்போதே சொன்னாள்:
"அப்பா பலகைப் பாதையில் வழுக்கி விழுந்துவிட்டார்,
சாப்பிடும்போது தலையணை போட்டு உட்காருகிறார்,
உங்களிடம் சொல்லக் கூடாதாம்."
சரி, சொல்லாதே என்றேன்.
கியரைப் போட்டேன்.

புதன் இரவு.
சனிக்கிழமை மூஸ் வேட்டை தொடங்குகிறது.
தோட்டா இல்லை என்று இருமுறை பார்த்து
குழலைக் கழற்றி எடுத்தேன்.
இரும்பை விட்டுப் பிரிந்ததும் கட்டை
வெறும் துடுப்பு மாதிரி ஆகிவிட்டது.
லேசாக வளைத்தால் விரிசல் வாய் திறந்தது,
விட்டால் மூடிக்கொண்டது,
ஒய்வாவைப் போலவே.

அசிட்டோனில் பஞ்சை நனைத்து ஒற்றினேன்.
முதல் பஞ்சு பழுப்பு, அது பாலிஷ்.
அடுத்த நான்கும் கறுப்பு,
முப்பது வருட எண்ணெய், என் கை அழுக்கும் சேர்த்து.
பிறகு வந்தது வெள்ளையாகவே வந்தது.

பசையை இரண்டு குழாயிலிருந்தும் சமமாகப் பிதுக்கி
ஜாடி மூடியில் தீக்குச்சியால் கலக்கினேன்.
முடி உலர்த்தியின் சூட்டில் அது தண்ணீராய் இளகியது.
பல் இடுக்கில் விடும் நூலை விரிசலுக்குள் செலுத்தி
இழுத்தேன், தள்ளினேன், இழுத்தேன்.
அந்தப் பக்கம் ஒரு துளி எட்டிப்பார்த்தது.

இனி இறுக்கிக் கட்ட வேண்டும்.
கிழிந்த சைக்கிள் டியூபை நீளவாக்கில் வெட்டி வைத்திருந்தேன்.
ஒருவர் முழுப் பலத்தோடு இழுத்துப் பிடிக்க
ஒருவர் கட்டையைச் சுழற்ற வேண்டும்.
என்னிடம் இருந்தது இரண்டே கை.
பசை இறுக இருபது நிமிடம்.

போனை எடுத்தேன்.
"காபி போட்டிருக்கிறேன்" என்றேன்.

ஒன்பது நிமிடத்தில் வந்தான்.
மேசையில் பழுப்புப் பஞ்சைப் பார்த்தான்.
டியூபின் நுனியை நானே நீட்டினேன்.
அவன் இழுத்தான், நான் சுழற்றினேன்.
ஒவ்வொரு சுற்றுக்கும் பசை கசிந்தது,
அவன் விரலில், என் விரலில்.

எட்டாவது சுற்றில் சொன்னான்:
"பலகை ஈரமாக இருந்தது."
"தலையணை மெத்தென்று இருக்கிறதா?" என்றேன்.
காது சிவந்தது. டியூபை மட்டும் விடவில்லை.

சானா அறையின் வெதுவெதுப்பில் அதை இரண்டு இரவு கிடத்தினேன்.
அவிழ்த்தபோது ரப்பரின் வரிகள் பசையில் பதிந்திருந்தன.
தேய்த்தேன். ஆளி எண்ணெய் பூசினேன்.
விரிசல் ஒரு முடி அளவுக்குக் கோடாக நின்றது.
அதை மறைக்க என்னிடம் பாலிஷ் இல்லை.

வெள்ளி மாலை, சரளைக் குழி.
பழைய டயரில் கட்டி, கயிற்றால் விசையை இழுத்துச்
சோதிக்கலாம் என்று கிளம்பினேன்.
ஒய்வா அங்கே முன்பே காத்திருந்தான்.
"நான் தோளில் வைத்தே சுடுகிறேன்,
போனால் என் முகம் போகட்டும்" என்றான்.
ஏற்கெனவே போனதுதானே என்றேன்.
டயரிலேயே கட்டினோம்.

மூன்று குண்டு.
ஒவ்வொன்றுக்கும் பிறகு டார்ச் அடித்து
இரண்டு தலையும் முட்ட, குனிந்து பார்த்தோம்.
கோடு கோடாகவே இருந்தது.

அடுத்த வாரம் மறுபடி கேட்பான்.
கொடுப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.
ஜாமை மட்டும் இன்னும் திறக்கவில்லை,
கொஞ்சம் கோபம் இருப்பில் இருக்கட்டும்.