ஆறு சென்டிமீட்டர்

தையல் பிரிந்தது பன்னிரண்டாம் நாள்,
உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது.
வலிக்கவில்லை.
மடியில் ஏதோ வெதுவெதுப்பாக இறங்கியது.
சூப் சிந்திவிட்டது என்றே நினைத்தேன்.
அடுப்பில் சூப்பே வைக்கவில்லை என்பது
பிறகுதான் உறைத்தது.

அன்று காலைதான்
காஸ்த்ரோ மருத்துவமனையிலிருந்து தாள் வந்திருந்தது.
குடலில் வெட்டிய இடத்தின் விளிம்புகள் சுத்தமாம்.
எலியோதோரோ அதை இரண்டு முறை உரக்கப் படித்து
குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினான்.
கேக் வாங்கக் கிளம்பியவன்
பாதி வழியில் திரும்பி வந்து
என்னை ஆம்புலன்ஸில் ஏற்றினான்.

இப்போது என் வயிற்றில் ஒரு பள்ளம்.
அதில் கறுப்புப் பஞ்சு அடைத்து, மேலே ஒட்டுத்தாள் ஒட்டி,
அங்கிருந்து ஒரு குழாய்
தோளில் தொங்கும் சின்ன இயந்திரத்துக்குப் போகிறது.
இரவெல்லாம் அது உறிஞ்சுகிறது,
குழந்தை பால் குடிப்பதுபோல என்று சொல்ல ஆசை.
பொய். அடைத்துக்கொண்ட சாக்கடைபோலத்தான்.
எங்கள் வீடு மரத்தூண்களின் மேல் நிற்கிறது.
தரைப்பலகைக்குக் கீழே கடல் வருகிறது, போகிறது.
மூன்று மணிக்கு விழித்துக் கிடந்து
எது அலை, எது நான் என்று
பிரித்துக் கேட்கப் பழகிவிட்டேன்:
அலை நடுநடுவே நிறுத்தும்.

திங்கள், புதன், வெள்ளி யாஸ்னா வருவாள்.
மழைக்கோட்டைக் கழற்றி, கையைத் தேய்த்துச் சூடாக்கி,
பஞ்சு சுற்றிய குச்சியை உள்ளே விடுவாள்,
துறையில் கழி ஊன்றி ஆழம் பார்ப்பதுபோல.
ஏழரை. ஏழு. மறுபடியும் ஏழு.
ஒருநாள் எட்டு.
அன்று நாற்றம் முதலில் எனக்குத்தான் தெரிந்தது.
இருபத்தொரு வருடம் சிப்பித் தொழிற்சாலையில் நின்றவள் நான்.
கெட்டதை மூக்கு சொல்லும், கை ஒதுக்கும்.
அவள் பஞ்சை எடுக்கும் முன்பே
"வந்துவிட்டது" என்றேன்.
பத்து நாள் மாத்திரை. வாயெல்லாம் நாணயச் சுவை.

மேலே மூடிக்கொண்டு வருகிறதே,
நல்லதுதானே என்று கேட்டேன்.
"மூடக் கூடாது, ஓர்ஃபெலினா.
மேலே முதலில் மூடினால் உள்ளே அழுகும்.
அடியிலிருந்துதான் சதை ஏறி வர வேண்டும்.
அதுவரை நாம்தான் திறந்து வைத்திருக்க வேண்டும்."

தொழிற்சாலையில் இது தலைகீழ்.
வாய் பிளந்த சிப்பியை மேசை விளிம்பில் தட்டுவோம்.
மூடிக்கொண்டால் உயிர் இருக்கிறது, இந்தப் பக்கம்.
பிளந்தபடியே கிடந்தால் வாளிக்கு.
எத்தனை ஆயிரத்தை எறிந்திருப்பேன்,
ஒரே ஒரு தட்டு
அவகாசம் கொடுத்து.

பார்க்க வருகிறவர்கள் புற்றைப் பற்றித்தான் கேட்கிறார்கள்.
போய்விட்டது என்கிறேன்.
கடவுளுக்கு நன்றி சொல்லி
மாத்தே குடித்துவிட்டுக் கிளம்புகிறார்கள்.
புண்ணுக்கென்று யாரும் வருவதில்லை.
அதன் பெயருக்கு யாரும் குரலைத் தாழ்த்துவதில்லை.

எலியோதோரோவும் பார்க்க மாட்டான்.
கட்டுப் பிரிக்கும் நேரம் ஜன்னலோரம் போய் நின்று
எதிர்க்கரைப் படகுகளை எண்ணுவான்.
ஒருநாளும் கணக்குச் சொன்னதில்லை.
ஆனால் இயந்திரத்தைச் சார்ஜில் போடுவது அவன்தான்,
தன் கைபேசிக்கு முன்னால்.
புயலில் மின்சாரம் போன இரவு
மான்சியா வீட்டு ஜெனரேட்டரைத் தேடிப் போனோம்.
இயந்திரம் என்னோடு ஒட்டியிருப்பதால் நானும் போக வேண்டியதாயிற்று,
இரவு உடையும் ரப்பர் பூட்ஸுமாக.
சார்ஜ் ஏறும்வரை சீட்டாடினோம்.
ஜெயித்தது நான்.

இந்தப் புதன்கிழமை
யாஸ்னா குச்சியை வெளிச்சத்தில் பிடித்தாள்.
அளவுகோலில் நகத்தை வைத்தாள்.
"ஆறு" என்றாள்.
எண்ணைத்தான் சொன்னாள்.
நான் அதைக் கட்டளையாகக் கேட்டுக்கொண்டேன்.
வயிற்றுக்கும் கேட்டிருக்கும்.

வெளியே மழை. நீர் ஏறும் நேரம்.
ஜன்னலிலிருந்து திரும்பாமலே
"எத்தனை?" என்றான் எலியோதோரோ.

முதலில் நீ படகைச் சொல், என்றேன்.