சாம்பல் கட்டம்

ஆறு வருடம் வரைந்தவற்றில்
ஒன்றுகூட என்னுடையதில்லை என்று
ஒப்பந்தத்தின் பதினோராம் பக்கத்தில் இருக்கிறது.
கீழே கையெழுத்து. அது மட்டும் என்னுடையது.

முன் அனுமதியின்றி எவருக்கும் காட்டலாகாது.
பழைய கம்பெனி வக்கீலின் கடிதம்,
மிக மரியாதையாக.
மாதிரிக் கோப்பைத் திறந்து
படத்துக்குப் படம் சாம்பல் கட்டம் இழுத்தேன்.
முப்பத்திரண்டு.
ரீகாவின் நவம்பரை நன்றாக வரைகிறாள் என்று
யாராவது வேலை தரக்கூடும்.

நேர்முகத்துக்குப் போகிற வழியில்
டிராம் நிறுத்தத்துக்கு எதிர்க்கடையில்
புகையூட்டிய மீன் டப்பா ஒன்று வாங்கினேன்.
இரண்டு யூரோ நாற்பது.
ரசீதையும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மேசைமேல் வைத்தேன்.
ஸ்கைத்ரிதே கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு
திருப்பித் திருப்பிப் பார்த்தார்:
எடை, உப்பு, காலாவதித் தேதி.
"உங்கள் பெயர் எங்கும் இல்லையே, வெல்கா?"
"உள்ளே இருக்கிற மீன்களின் பெயரும்தான்."
அவர் சிரிக்கவில்லை.

மூடியில் பறக்கும் கடற்காகத்துக்கு
கண் ஒரு நூல் தாழ்ந்திருக்கும்.
அன்றிரவு மகனுக்கு முப்பத்தொன்பது டிகிரி;
ஒரு கை அவன் நெற்றியில்,
மறு கை பறவையில்.
அதற்குப் பிறகு அச்சான
லட்சக்கணக்கான டப்பாக்களிலும் அதே ஒரு நூல்.
அது எந்தப் பிரிவின்கீழ் வருமென்று
வக்கீலைத்தான் கேட்க வேண்டும்.

இதைச் சொல்லவில்லை.
"பிறகு கூப்பிடுகிறோம்" என்றார்.
டப்பாவை அங்கேயே விட்டுவந்தேன்.
பசித்தால் திறக்கட்டும்.
வளையத்தை மெதுவாக இழுத்தால்
பறவை மடங்காது.